சத்தியசீலன், ஞாயிறு காலை பதினோரு மணி

குதிரைமேல் ஏறிய எலும்புக்கூடு மூன்றாவது தடவையாகவும் வந்து நின்றது. மக்கர் பண்ணும் டார்ச் லைட்டைத் தட்டுவதுபோல ரூபினி கைப்பேசியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். எலும்புக்கூடு அசையவில்லை. அதன் கையில் ஒரு கறுப்புக் கொடி, கொடியில் ஒரு வெள்ளை ரோஜா. கீழே பெரிய எழுத்தில் ஒரே சொல்: மரணம்.

"வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?" என்று அதனிடம் கேட்டாள்.

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஹார்ன் அடித்தது. ரூபினி எழுந்து எடையைக் குறித்து, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தாள். புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் இருக்கும் அந்தச் செம்பனை எண்ணெய் ஆலையில், எடைமேடைக் கூண்டுக்குள் அவளுக்கு ஏழு வருட உத்தியோகம். ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். கைப்பேசிக்கு லைன் ஒரு கோடுகூட வராது.

அதனால்தான் குறி சொல்லும் அந்த டாரோட் சீட்டுச் செயலி அவளுக்குப் பிடித்துப்போனது. இணையமே இல்லாமல் ஓடும். திறந்ததும் முதல் பக்கத்திலேயே சத்தியம் செய்து கொடுத்துவிடும்: 'பதிவு வேண்டாம். இணையம் வேண்டாம். நீங்கள் கேட்பது உங்கள் கைப்பேசியைத் தாண்டிப் போகாது.'

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது ரூபினிக்குக் கண் கலங்கியதென்றே சொல்லலாம். ஏனென்றால் அவள் குடும்பத்தில் எந்தச் செய்தியும் ஒருவரிடம் தங்காது. தொண்ணூற்று மூன்று பேர் கொண்ட குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. போன வருடம் அவள் கோலா சிலாங்கூரில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வீடு வந்து சேர்வதற்குள், கிள்ளானில் இருக்கும் சித்தி கஞ்சி குடிக்கச் சொல்லியிருந்தாள், ஈப்போவில் இருக்கும் பெரியப்பா அந்தப் பல் மருத்துவரே சரியில்லை என்றிருந்தார், முகமே தெரியாத ஒருவர் 'பல்லா? சொல்லவே இல்லை' என்று கோபித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே மனதில் இருப்பதை அவள் சீட்டிடம் மட்டும் கேட்டாள். இப்போது மனதில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. இதற்கு முன் இரண்டு பேர் பெண் பார்க்க வந்திருந்தார்கள். முதலாமவர் வீட்டில் அரசாங்க வேலைக்காரப் பெண்தான் வேண்டும் என்றார்கள். இரண்டாமவர் ஆறு வடை சாப்பிட்டார், அப்புறம் போனே வரவில்லை. மூன்றாவதாக நாளைக்கு வரவிருப்பவன் சத்தியசீலன். சுங்கை ஆயர் தாவாரில் அம்மா இருக்கிறார். வேலை கோலா குபு பாரு பக்கம், குளிர்சாதனம் பொருத்துவது. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கல், சனி ஞாயிறு அம்மாவிடம். இரண்டு தடவை போனில் பேசியிருந்தான். "உங்களுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டான். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. திகைத்துப்போய், "மழை பேயிறப்ப லோரி வராம இருந்தா புடிக்கும்" என்று சொல்லிவிட்டாள். அவன் ஒரு நிமிடம் முழுக்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் ஒரு வாரமாகக் காதில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

செயலியில் பெயர், ஊர், நாள், நேரம் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். அடியில் 'உங்கள் கேள்வி' என்று ஒரு நீளக் கட்டம். கைப்பேசியிடம்கூடக் கேள்வியை எழுத அவளுக்கு வெட்கம். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நிரப்பியிருந்தாள். சத்தியசீலன். சுங்கை ஆயர் தாவார். ஞாயிறு. காலை 11 மணி.

அதற்குத்தான் இந்த எலும்புக்கூடு.

'விளக்கம்' என்று இருந்ததைத் தட்டினாள். 'அஞ்ச வேண்டாம். இது உயிர் போவதைக் குறிப்பதன்று. பழையது முடிந்து புதியது தொடங்கும்' என்றது. நல்லதுதானே? வீட்டுக்குப் போய் நிதானமாகப் படிக்கலாம் என்று 'படமாகச் சேமி' என்பதை அழுத்தினாள். விளக்கம் வேறு பக்கம் என்பதால் அது படத்தில் வராது, சீட்டும் அவள் நிரப்பிய நான்கு கட்டங்களும் மட்டுமே வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நல்லம்மாள் கையில் சேலையோடு நின்றாள். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை.

"ஏய் ரூபி, இத ஒரு படம் புடிச்சு குரூப்ல போடுலா. ஒங்க சிவானந்தம் மாமா பாக்கணுமாம்."

"சேலைய மாமா எதுக்குமா பாக்கணும்?"

"அவரு சரின்னு சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும். போடு."

ரூபினி படம் பிடித்தாள். குழுவைத் திறந்து, படங்களின் வரிசைக்குப் போனாள். முதலில் சேலை. அதற்குப் பக்கத்திலேயே எலும்புக்கூடு, குதிரையோடு.

"நல்லா வந்திருக்கா? எங்க, காட்டு" என்று நல்லம்மாள் தோளுக்குமேல் தலையை நீட்டினாள்.

ரூபினி கைப்பேசியை நெஞ்சோடு சேர்த்து மறைத்தாள். மறைக்கும்போது கட்டைவிரல் எங்கோ பட்டது. 'விர்' என்று படம் ஒன்று பறக்கும் சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள். குழுவில் எலும்புக்கூடு நின்றுகொண்டிருந்தது.

அவசரத்தில் அதை அழுத்திப் பிடித்தாள். 'எல்லாருக்கும் நீக்கு', 'எனக்கு மட்டும் நீக்கு' என்று இரண்டு வரி வந்தது. படிக்காமலே கீழே இருந்ததைத் தட்டினாள். எலும்புக்கூடு மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டு, சேலைப் படத்தை அனுப்பிவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

முதல் பதில் மாமாவின் மனைவி குமுதா அத்தையிடமிருந்து வந்தது. வரிசையாகப் பன்னிரண்டு அழுகிற முகங்கள். 'ஐயோ' என்று ஒரு சொல்.

ரூபினி சேலையை எடுத்து மறுபடி பார்த்தாள். அவ்வளவு மோசமாகவா இருக்கிறது?

அடுத்தது: 'ஓம் சாந்தி.' அதற்கடுத்தது: 'ஆத்மா சாந்தி அடைய வேண்டுகிறோம்.' அதற்கும் அடுத்ததாக ஈப்போ பெரியப்பா: 'இந்த நேரத்தில் சேலை எதற்கு?'

ரூபினி சோற்றுக் கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். அவள் எதை யாருக்கு மட்டும் நீக்கினாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவளைத் தவிர தொண்ணூற்றிரண்டு பேர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினம் நாலு மரண அறிவிப்புப் பார்க்கிற கண்களுக்கு அதில் என்ன குறை? கறுப்புக் கொடி இருக்கிறது, வெள்ளைப் பூ இருக்கிறது, மரணம் என்று எழுதியிருக்கிறது. பெயர், ஊர், நாள், நேரம் எல்லாம் இருக்கின்றன.

கைப்பேசி அலறியது. சிவானந்தம் மாமா.

சிவானந்தம் மாமாவைக் கல்யாணத்துக்கு அழைத்தால்தான் வருவார். சாவுக்கு அழைக்க வேண்டியதில்லை. சொந்தமாகப் பதினைந்து பேர் உட்காரும் வேன் வைத்திருந்தார். எந்தக் கடையில் சாவு மாலை வாடாமல் இருக்கும், எந்த ஊர்ச் சுடுகாட்டுக்கு எந்தப் பக்கம் வழி, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"ரூபி, மனசத் தேத்திக்கமா" என்றார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கிறாங்களா?"

"என்னத்த மாமா?"

"பாடியத்தான் லா."

இந்த இடத்தில் ரூபினி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? மாப்பிள்ளை அமைவானா என்று ஆலைக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுப் பார்க்கிற பெண் என்று தொண்ணூற்று மூன்று பேரும் சிரிப்பார்கள். அது சுங்கை ஆயர் தாவாருக்கும் போகும். அவனும் சிரிப்பான், ஆனால் அவள் காதில் வைத்திருக்கும் சிரிப்பாக அது இருக்காது.

"மாமா, அது... அது வேற சத்தியசீலன்" என்றாள்.

"வேற யாரு?"

"யாரோ."

மாமா யோசித்தார். சுங்கை ஆயர் தாவாரில் அவருக்குத் தெரிந்த இன்னொரு சத்தியசீலன் உண்டு. எண்பது வயதுக்காரர், தோட்டத்தில் கணக்கு எழுதிய பழைய கிராணி. பத்தே நிமிடத்தில் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி மாப்பிள்ளைக்கும் மறு கட்சி கிராணிக்கும் அஞ்சலி செலுத்தியது. பூவும் கும்பிட்ட கையுமாகப் போய்க்கொண்டிருந்தபோது அதே குழுவில் இருந்த கிராணியின் மகன் ஒரு குரல்பதிவு போட்டார்: "எங்கப்பா இப்பத்தான் ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டு மூணாவது கேக்கிறாரு. யாருலா இந்த வேலையப் பாத்தது?"

கிராணி பிழைத்தார். எனவே செத்தது மாப்பிள்ளைதான் என்று முடிவாயிற்று. இனி யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று சிவானந்தம் மாமா தாமே பொறுப்பெடுத்து, பெண் பார்க்க அனுப்பியிருந்த மாப்பிள்ளைப் படத்தை எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். இரண்டு குத்துவிளக்கும் வைத்தார். 'படம் இல்லாமல் என்ன மரண அறிவிப்பு' என்று ஒரு குறிப்பும் எழுதி, தம்மிடமிருந்த மற்ற குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

ரூபினி கொல்லைப்பக்கம் ஓடிப்போய்ச் சத்தியசீலனுக்குப் போன் போட்டாள். போன் அடைத்து வைக்கப்பட்டிருந்தது, மணியே போகவில்லை. ஐந்து தடவை போட்டாள். ஐந்து தடவையும் அதே.

அழுது வீங்கிய முகத்தோடு நல்லம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள். "யாருக்குடி போன்?"

"அவருக்குத்தான்மா. எடுக்க மாட்டேங்கிறாரு."

"செத்தவன் எப்படிடி எடுப்பான்?"

"மா, அவங்க அம்மாவோட நம்பர் அத்தைகிட்ட இருக்கில்ல? கேட்டுப் பாக்கலாமே."

"என்னான்னு கேக்கிறது? ஒங்க மகன் செத்தது நெசமாங்கன்னா? நாளைக்கு அந்தம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ரூபினிக்கு வேறு வழி தெரியவில்லை. குழுவைத் திறந்து, வாழ்க்கையில் முதன்முறையாக அதில் ஒரு முழு வாக்கியம் எழுதினாள்: 'அவர் உயிரோடுதான் இருக்கிறார். தயவுசெய்து நம்புங்கள்.'

பிறகு கிள்ளான் சித்தி எழுதினாள்: 'பாவம், பிள்ளையால் தாங்க முடியவில்லை.' ஈப்போ பெரியப்பா எழுதினார்: 'தனியாக விடாதீர்கள்.' சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து இரண்டு சித்திகள் பாயும் தலையணையுமாக வந்து சேர்ந்தார்கள். வந்தவுடன் வீட்டிலிருந்த கத்தரிக்கோல், அரிவாள்மனை, நகவெட்டி எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவைத்தார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன் சித்தி."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நீ பால் குடி."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாமாவின் வேன் வந்து நின்றது. பதினான்கு பேர். பின்னால் மூன்று பெரிய மாலைகள். ரூபினியை நடு வரிசையில் இரண்டு சித்திகளுக்கு இடையில் திணித்தார்கள். தஞ்சோங் காராங் தாண்டியது. இரண்டு பக்கமும் நெல் வயல். குமுதா அத்தை தொண்டையைக் கனைத்து, அங்கே போய்ப் பாட வேண்டிய ஒப்பாரியைச் சன்னமாகப் பாடிப் பார்த்துக்கொண்டாள்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் வீட்டு வாசலில் மாலையோடு போய் இறங்க வேண்டியதுதான். ரூபினி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"மாமா, வண்டிய நிறுத்துங்க. யாரும் சாகல. அது நான் பாத்த சீட்டு."

வேன் ஓரமாக நின்றது. அவள் கைப்பேசியை எடுத்து, எழுபத்தெட்டுச் சீட்டுகளையும், குதிரையையும், எலும்புக்கூட்டையும், விளக்கத்தையும், நான்கு கட்டங்களையும் காட்டினாள். கட்டைவிரல் எப்படிப் பட்டது என்பது வரை சொன்னாள்.

நல்லம்மாள்தான் முதலில் பேசினாள். "ஏன்டி, எங்கிட்ட கேக்காம போன்கிட்டயா கேட்ட?"

"ஒங்கிட்ட கேட்டா தொண்ணூத்திமூணு பேரும் பதில் சொல்லுவாங்கமா."

நல்லம்மாள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இரு, இரு" என்றாள் குமுதா அத்தை. "மூணு தடவையும் மரணம்னுதான் வந்துச்சா?"

"ஆமா அத்தை, ஆனா விளக்கத்துல..."

"வெளக்கத்த விடு. சீட்டும் செத்துட்டான்னு சொல்லுது. போனும் அடைச்சுக் கெடக்கு. அப்புறம் என்ன லா சந்தேகம்? வண்டிய எடுங்க." வேன் கிளம்பியதும் அத்தை குரலைத் தாழ்த்தினாள். "ரூபி, எங்க பையன் செல்வாவுக்கு வேல கெடைக்குமான்னு ஒண்ணு தட்டேன்."

"இப்பவா அத்தை?"

"சும்மாத்தானே போய்க்கிட்டிருக்கோம்."

ரூபினி தட்டினாள். கோமாளி உடையில் ஒருவன் மலை விளிம்பில் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். கீழே 'முட்டாள்' என்றிருந்தது.

"அட! அப்படியே சொல்லுதே!" என்று அத்தை வாயில் கை வைத்தாள்.

அதற்கப்புறம் வேனை அடக்க முடியவில்லை. ஒரு சித்தி முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். இன்னொரு சித்தி மருமகளைப் பற்றிக் கேட்டாள், பதில் வந்ததும் வெளியே சொல்ல வேண்டாம் என்று ரூபினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஓட்டிக்கொண்டிருந்த மாமாவே, "எனக்கும் ஒண்ணு பாரு, வேலையா இல்ல, சும்மா" என்றார். சக்கரம் வந்தது. மாமா செக்கிஞ்சானில் எண்ணெய் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, நாலு டயரையும் இறங்கிப் பார்த்துக் காற்றடித்த பிறகுதான் கிளம்பினார்.

சுங்கை ஆயர் தாவார் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. வீட்டு வாசலில் நீலக் கூடாரம் போட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஐம்பது. அக்கம்பக்கத்தார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண்மணி விளக்குமாற்றோடு நின்று கூடாரக்காரரைத் துரத்திக்கொண்டிருந்தார். அவர்தான் சத்தியசீலனின் அம்மா லோகேஸ்வரி.

"யாரக் கேட்டுய்யா எங்க வாசல்ல கூடாரம் போட்ட?"

"குரூப்ல வந்துச்சும்மா. படத்தோட வந்துச்சு."

"குரூப்ல வந்தா? எம்புள்ள உள்ள குளிச்சுக்கிட்டு இருக்கான்யா! இப்பத்தான் சோப்புக் கேட்டுக் கத்தினான்!"

பக்கத்து வீட்டுக்காரம்மா அவர் தோளை அணைத்துப் பிடித்தாள். "அழுதுடுங்கக்கா. உள்ளுக்குள்ளயே வெச்சுக்காதீங்க."

குமுதா அத்தை வேனிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "என் ராசா! எங்கள விட்டுட்டு எங்கய்யா போன..."

"குளிக்கப் போனேன்" என்றது ஒரு குரல்.

வாசற்படியில் சத்தியசீலன் நின்றான். தலை ஈரம், புது நீலச் சட்டை, சட்டையில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை. கூடாரத்தைப் பார்த்தான். நாற்காலிகளைப் பார்த்தான். மாலையோடு நின்ற சிவானந்தம் மாமாவைப் பார்த்தான். "யாரு செத்துட்டா?" என்று கேட்டான்.

ஐம்பது பேரும் அவனையே பார்த்தார்கள். குமுதா அத்தைக்கு மட்டும் பாடின வேகத்தில் ஒப்பாரி இன்னும் ஒரு வரி தானாக ஓடி நின்றது.

ரூபினி முன்னால் போனாள். போனில் பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுகிறவள், இப்போது அத்தனை பேருக்கும் நடுவில் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சீட்டு, படம், சேலை, கட்டைவிரல், கிராணி, எல்லாம். எதையும் விடவில்லை. "என் தப்புத்தான். ஒங்களுக்கு என்னப் புடிக்கலன்னா நான் புரிஞ்சுக்குவேன்" என்று முடித்தாள்.

சத்தியசீலன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"எத்தன குரூப்புக்குப் போச்சு?" என்று கேட்டான்.

"எங்க குடும்ப குரூப் ஒண்ணுதான்..."

"அட, என்னமா நீ!" என்று சிவானந்தம் மாமா முன்னால் வந்தார். "நானே பதினேழு குரூப்புக்கு அனுப்பினேன் தம்பி. சபாக்லேர்ந்து கோலா குபு பாரு வரைக்கும் ஆள் பாக்கியில்லாம போயிருக்கும். ஒங்க படமும் நல்லாத் தெளிவா வெச்சேன்."

சத்தியசீலன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"பாவம், அதிர்ச்சி" என்றார்கள். யாரோ சூடாக மைலோ கலந்து கொண்டு வந்து கொடுத்தார்கள்.

லோகேஸ்வரி அம்மாள் ரூபினியை மேலும் கீழும் பார்த்தார். கையில் விளக்குமாறு இன்னும் இருந்தது. ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள். விளக்குமாறு கீழே விழும் சத்தம் கேட்டது.

"எம்புள்ளைக்கு ஆயுசு கெட்டி!" என்றார் அவர். "சாகாதவனுக்கு சாவுச் சேதி வந்தா நூறு வயசுன்னு சொல்லுவாங்க. இந்தப் பொண்ணு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே எம்புள்ள கண்ணேற கழிச்சிருச்சு. வாம்மா, உள்ள வா."

நல்லம்மாளுக்கு நின்ற அழுகை மறுபடி வந்தது. இந்தத் தடவை வேறு அழுகை. அவள் மகளின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "நல்லாத்தான்டி சொல்லியிருக்கு ஒன் போனு" என்று காதில் சொன்னாள். அந்தக் காலையில் ரூபினி முதன்முறையாக ஒழுங்காக மூச்சு விட்டாள்.

அதற்குப்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. பெண் பார்ப்பதும் இன்றைக்குத்தான், பதினோரு மணிக்கு. இரண்டு வீட்டு மனிதர்களும் இருக்கிறார்கள். கூடாரம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. இங்கேயே பேசி முடித்துவிடலாமே என்றார் சிவானந்தம் மாமா. சாவு மாலைகளை வேனுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, டவுனுக்கு ஆள் அனுப்பி வெற்றிலையும் மல்லிகையும் வாங்கி வரச் சொன்னார்கள்.

சத்தியசீலனுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. "இங்க வேணாம்மா. முறைப்படி பொண்ணு வீட்டுலதான் பேசணும். வாங்க, இப்பவே எல்லாரும் கெளம்பி புக்கிட் ரோத்தான் போயிடலாம்" என்றான்.

"பாத்தியா, என்னா மரியாதை!" என்று சித்திகள் உருகினார்கள்.

"சாப்பிட்டுட்டுப் போலாம்டா" என்றார் அவன் அம்மா.

"வழியில சாப்பிடலாம்மா. மொதல்ல இந்தக் கூடாரத்தப் பிரிக்கச் சொல்லுங்க."

"ஏன்டா பறக்கிற? நூறு வருசம் இருக்கு ஒனக்கு." லோகேஸ்வரி அம்மாள் நல்லம்மாளிடம் திரும்பினார். "கொணத்துல தங்கமுங்க எம்புள்ள. இங்க வந்துட்டா அந்தப் போன அடைச்சு வெச்சிருவான். சனி ஞாயிறு அம்மாவுக்குத்தான், வேற யாரும் கூப்பிடக் கூடாதும்பான்."

நல்லம்மாள் பூரித்துப்போனாள்.

ரூபினியையும் அவனையும் கூடாரத்து ஓரத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் என்று ரூபினி நினைத்தாள். தன்னைப் போலவே ஒருவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கைப்பேசியை எடுத்தாள். இனிமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது? செயலியை அழுத்திப் பிடித்து, வந்த வரிகளை இந்தத் தடவை நிதானமாக இரண்டு முறை படித்து, அடியோடு நீக்கினாள்.

சாலைத் திருப்பத்தில் ஒரு வெள்ளை வேன் தெரிந்தது.

"கொஞ்சம் மூஞ்சி கழுவிட்டு வந்துர்றேன்" என்று சத்தியசீலன் எழுந்தான். போன வேகத்தில் உள்ளே கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது.

வேன் மெல்ல வந்து கூடாரத்துக்கு வெளியே நின்றது. தோளில் துண்டு போட்ட ஒல்லியான ஆள் ஒருவர் இறங்கினார். கையில் துணிக்கடைப் பை. அழுத கண். சுற்றிலும் பார்த்துவிட்டு, வாசலுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்த ரூபினியிடம் வந்தார்.

"தங்கச்சி, கோலா குபு பாருலேர்ந்து வர்றோம், குரூப்ல படத்தப் பாத்துட்டு" என்றார், பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. "பொறந்த வீட்டுக் கோடி கொண்டாந்திருக்கேன்மா, எங்க அக்காவும் ரெண்டு புள்ளைங்களும் வேன்ல இருக்காங்க. பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாடி அவர எடுத்துடலையே?"